வடக்கின் மலை மாநிலங்களில் நியமன முறைகேடு: நம் மலையில் அந்தக் கணக்கு எங்கே எழுதப்படுகிறது?

கோத்தகிரித் தேர்வர்

அனைவருக்கும் வணக்கம். தொகுதி 4 தேர்வுக்குப் படித்து வருகிறேன். நடப்பு நிகழ்வுகளுக்காகக் குறிப்பெடுக்கும்போது உத்தராகண்டும் இமாச்சலப் பிரதேசமும் திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டன. இரண்டும் மலைப்பகுதிகள். தொழிற்சாலைகள் குறைவு, விளைபொருளுக்கு நிலையான விலை கிடையாது, சுற்றுலா தரும் வேலை சீசனோடு முடிந்துவிடும். பசுந்தேயிலை விலையை நம்பிக் குடும்பம் நடத்த முடியாது என்று எங்கள் ஹட்டியில் (படுகர் ஊரில்) பெரியவர்கள் சொல்வதுபோலத்தான் அங்கே ஆப்பிளையும் உருளைக்கிழங்கையும் பற்றிச் சொல்வார்கள் போலும். வீட்டில் ஒருவருக்காவது அரசுச் சம்பளம் வேண்டும் என்ற தவிப்பு இரு இடங்களுக்கும் பொதுவானது.

உத்தராகண்ட் சார்நிலைப் பணித் தேர்வாணையம் 2021 டிசம்பரில் நடத்திய பட்டதாரி நிலைத் தேர்வின் வினாத்தாள் கசிந்தது 2022-இல் வெளிச்சத்துக்கு வந்து, கைதுகள் தொடர்ந்தன. 2016-இல் நடந்த ஊராட்சி வளர்ச்சி அலுவலர் தேர்வு தொடர்பாக அந்த ஆணையத்தின் முன்னாள் தலைவரே 2022 அக்டோபரில் கைதானார். அதற்கு முந்தைய மாதம், மாநிலச் சட்டப்பேரவைச் செயலகத்தில் அறிவிப்பும் தேர்வும் இன்றிச் சேர்க்கப்பட்டிருந்த 228 பேரின் நியமனங்களைப் பேரவைத் தலைவர் ரத்து செய்திருந்தார். இமாச்சலில் 2022 டிசம்பரில் ஒரு வினாத்தாள் கசிந்ததும், ஹமீர்பூரில் இருந்த பணியாளர் தேர்வாணையத்தின் செயல்பாடு உடனே நிறுத்தி வைக்கப்பட்டது. 2023 பிப்ரவரியில் ஆணையமே கலைக்கப்பட்டது.

இவற்றையெல்லாம் தேர்வு முறைகேடு என்ற ஒரே தலைப்பில் குறித்துக்கொண்டு நகர்ந்துவிடலாம். ஆனால் எனக்கு வேறொரு சந்தேகம் எழுகிறது. நம் நீலகிரி மாவட்டத்தில் நகராட்சி, ஊராட்சி ஒன்றியம், மருத்துவமனை, வனத்துறை என்று எந்த அலுவலகத்துக்குப் போனாலும் எதிரே உட்கார்ந்திருக்கும் இளைஞர்களில் பலர் தேர்வெழுதி வந்தவர்கள் அல்லர். கேட்டால் ‘ஏஜென்சி மூலமாக’ என்கிறார்கள். யார் அவர்களைத் தேர்ந்தெடுத்தார்கள், எந்த விதியின்படி, அந்தச் சம்பளம் எந்தக் கணக்கில் எழுதப்படுகிறது? விவரம் அறிந்தவர்கள் சொல்ல வேண்டும்.

நெறியாளர்

நல்ல தொடக்கம். ஒரே ஒரு வேண்டுகோள்: உள்ளூர் அனுபவங்களைச் சொல்லும்போது அலுவலகத்தின் பெயரோ, முகமையின் (ஏஜென்சியின்) பெயரோ, ஊழியரின் பெயரோ வேண்டாம். நீதிமன்றத் தீர்ப்பும் தணிக்கை அறிக்கையும் பொது ஆவணங்கள் என்பதால் அவற்றைத் தாராளமாகக் குறிப்பிடலாம்.

வெலிங்டன் ஹவில்தார்

தங்கைக்கு வணக்கம். படையில் இருந்தபோது டேராடூனிலும் ஜோஷிமட்டிலும் பணியாற்றியவன் நான். உத்தராகண்டின் கட்வால் பகுதியில் ஒரு குடும்பத்தில் மூன்று பிள்ளைகள் இருந்தால் ஒருவன் ராணுவம், ஒருவன் அரசு அலுவலகம், மூன்றாமவன் டெல்லியில் ஓட்டல் வேலை என்று பிறந்தபோதே எழுதி வைத்ததுபோல இருக்கும். மூன்றும் கைகூடாத ஊர்களில் வீடுகள் பூட்டிக் கிடக்கும். 2022 ஜூனில் அக்னிபத் திட்டம் வந்தபிறகு முதல் வழியும் நான்காண்டு வேலையாகச் சுருங்கி, அதன் முடிவில் நான்கில் ஒருவருக்கு மட்டுமே படையில் தொடரும் வாய்ப்பு என்றானது. மீதமிருக்கும் அரசு அலுவலகத்தின் வாசலில் எவ்வளவு நெரிசல் இருக்கும் என்பதை யோசித்துப் பாருங்கள். நெரிசல் இருக்கும் வாசலில்தான் தரகன் நிற்பான்.

நீங்கள் ‘ஏஜென்சி’ என்றதும் எனக்கு நினைவுக்கு வருவது உப்னல். முன்னாள் படைவீரர்களுக்கும் அவர்கள் குடும்பத்தினருக்கும் வேலை தருவதற்காக 2004-இல் உத்தராகண்ட் அரசு தொடங்கிய கழகம் அது. நோக்கம் நல்லது, எங்களைப் போன்றவர்கள் அதை மனதார வரவேற்றோம். நாளடைவில் படைத்துறையோடு தொடர்பே இல்லாதவர்களும் அதன் வழியே பல்வேறு துறைகளில் அமர்த்தப்பட்டார்கள். எண்ணிக்கை இருபதாயிரத்தைக் கடந்தது. அவர்கள் பார்த்தது நிரந்தர ஊழியரின் வேலை, வாங்கியது ஒப்பந்தக் கூலி. 2018-இல் அவர்களைப் படிப்படியாக வரன்முறைப்படுத்தச் சொல்லி, அதாவது நிரந்தரமாக்கச் சொல்லி, நைனிதாலில் உள்ள உத்தராகண்ட் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதை எதிர்த்து மாநில அரசு செய்த மேல்முறையீட்டை 2024 அக்டோபரில் உச்சநீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ஆக, இருபது ஆண்டுகளாகத் தேர்வாணையத்தின் பக்கமே போகாமல் ஒரு மாநிலம் தன் அலுவலகங்களின் பல வேலைகளை நடத்திக் காட்டிவிட்டது.

பேரவைச் செயலக விவகாரத்தில் ஒரு செய்தியைச் சேர்க்க வேண்டும். ரத்தானவை 2016, 2020, 2021 ஆகிய ஆண்டுகளின் நியமனங்கள். மாநிலம் உருவான காலத்திலிருந்து அதே வழியில் நுழைந்து, இடையில் வரன்முறை பெற்றுவிட்ட முந்தைய ஆட்கள் அப்படியே இருக்கிறார்கள். வெளியேற்றப்பட்டவர்களின் பெரிய மனக்குறை அதுதான். அவர்கள் சட்டப்படி தோற்றார்கள் என்றாலும், அவர்கள் கேட்ட கேள்வியில் நியாயமில்லை என்று நான் சொல்ல மாட்டேன்.

குன்னூர்த் தணிக்கையர்

தேர்வர் அம்மா கேட்ட மூன்று கேள்விகளில் கடைசிக் கேள்விதான் அடிப்படையானது. அதிலிருந்தே தொடங்குகிறேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் கணக்குத் தணிக்கையில் இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் கொஞ்சம் நீளமாக எழுதுவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஓர் அரசு அலுவலகத்தில் ஒருவர் முறையாகப் பணியமர வேண்டுமானால், முதலில் அந்தப் பணியிடம் அரசாணையால் ஒப்பளிக்கப்பட்டிருக்க வேண்டும். அதற்கான நிதி வரவு செலவுத் திட்டத்தில் ‘சம்பளம்’ என்ற தலைப்பில் ஒதுக்கப்பட வேண்டும். எந்த இடம் எந்தப் பிரிவினருக்கு என்று வரிசைப்படுத்தும் இனச்சுழற்சிப் பட்டியலில் அது யாருடைய முறை என்று பார்த்து, அறிவிப்பு வெளியிட்டு, தேர்வு நடத்தி, நியமன ஆணை வழங்க வேண்டும். அதன்பிறகு மாதந்தோறும் அவர் பெயரில் சம்பளப் பட்டியல் கருவூலத்துக்குப் போகும். இந்தச் சங்கிலியில் ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு காகிதம் இருக்கிறது. தணிக்கைக்கு வருபவர் எந்தக் கண்ணியைப் பிடித்து இழுத்தாலும் முழுச் சங்கிலியும் வந்துவிடும். பணம் வாங்கிக்கொண்டு ஆளை மாற்றியிருந்தால்கூட ஏதாவது ஒரு காகிதம் காட்டிக்கொடுத்துவிடும்.

ஹரியானாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1999–2000 காலத்தில் 3,206 இளநிலை ஆசிரியர்களை நியமித்த வழக்கில் முன்னாள் முதலமைச்சர் ஓம் பிரகாஷ் சௌதாலாவுக்கு 2013 ஜனவரியில் பத்தாண்டுச் சிறைத்தண்டனை கிடைத்தது. அது எப்படி நிலைநாட்டப்பட்டது? நேர்முகத் தேர்வு மதிப்பெண்களுக்கு இரண்டு பட்டியல்கள் இருந்தன. ஒன்று உண்மையானது, மற்றொன்று பிறகு புனைந்தது. விவகாரத்தை உச்சநீதிமன்றத்துக்குக் கொண்டுசென்ற ஐ.ஏ.எஸ். அதிகாரியும் அதே வழக்கில் தண்டனை பெற்றார் என்பது தனிக் கதை. நான் சொல்ல வருவது, நியமனம் விதிகளின் வழியே நடந்ததுபோலக் காட்ட வேண்டியிருந்ததால்தான் அங்கே இரண்டாம் பட்டியலே தேவைப்பட்டது என்பதை.

முகமை வழியில் ஆள் எடுத்தால் பட்டியலே தேவையில்லை. அலுவலகம் ஆளை எடுப்பதில்லை, ‘சேவை’யை வாங்குகிறது. அந்தச் செலவு ‘சம்பளம்’ என்ற தலைப்பில் வராது. ‘தொழில்முறை மற்றும் சிறப்புப் பணிகளுக்கான கொடுப்பனவு’ என்றோ, பராமரிப்பு என்றோ, திட்ட நிதியின் நிர்வாகச் செலவு என்றோ எழுதப்படும். சட்டமன்றத்தில் ‘இந்தத் துறையில் எத்தனை பேர் பணிபுரிகிறார்கள்’ என்று உறுப்பினர் கேட்டால், அமைச்சர் ஒப்பளிக்கப்பட்ட இடத்தையும் காலி இடத்தையும் உண்மையாகவே சொல்லலாம். முகமை ஆட்கள் அந்த இரண்டு எண்ணிலும் இருக்க மாட்டார்கள். 69 விழுக்காடு இட ஒதுக்கீடும் மகளிருக்கான 30 விழுக்காடும் நடைமுறையில் அவர்களுக்கு எட்டுவதில்லை. தேர்வாணையத்துக்கு வேலை இல்லை. தணிக்கையாளருக்குக் கிடைப்பது மாதம் ஒரு பற்றுச்சீட்டு மட்டும்.

அந்தப் பற்றுச்சீட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஓர் உள்ளாட்சி அலுவலகத்தில் தூய்மைப் பணிக்கான முகமையின் மாதப் பட்டியலைப் பார்த்தேன். தொகை சரி, கையொப்பங்கள் சரி, ‘சரிபார்த்து ஏற்கப்பட்டது’ என்ற முத்திரையும் சரி. பின்னால் இணைத்திருந்த வருங்கால வைப்பு நிதிச் சலானைப் புரட்டினால், பட்டியலில் உள்ள ஆட்களைவிடச் சலானில் பெயர்கள் குறைவு. வருகைப் பதிவேட்டைக் கேட்டேன். மாதம் முழுவதும் ஒரே நீல மை, ஒரே சாய்வில் கையெழுத்துகள். மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்து போக்குவரத்து நின்ற நாட்களிலும் பர்லியாறிலிருந்து குன்னூருக்கு வர வேண்டிய பணியாளர் தவறாமல் வந்திருந்தார். தணிக்கைத் தடை (கணக்கை ஏற்க மறுக்கும் குறிப்பு) எழுதினேன். ‘வரும் காலங்களில் கவனிக்கப்படும்’ என்று பதில் வந்தது. அடுத்த ஆண்டுத் தணிக்கையின்போது சலானை இணைக்கும் வழக்கமே நின்றுபோயிருந்தது.

வடக்கே அதிர்ச்சி தந்தது தேர்வு முறைகேடு. அதாவது, விதியுள்ள இடத்தில் விதியை உடைத்தார்கள். முகமை முறையில் உடைப்பதற்கு விதியே கிடையாது. அதனால்தான் இரண்டாவதை நான் பெரிய ஆபத்தாகக் கருதுகிறேன்.

உதகை வணிகர்

தணிக்கையர் ஐயா சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனால் காசு எங்கிருந்து வரும் என்பதையும் யாராவது பேச வேண்டும். நீங்கள் உதாரணம் காட்டும் இமாச்சலத்தையே பாருங்கள். 2024 செப்டம்பரில் அரசு ஊழியருக்குச் சம்பளம் ஐந்தாம் தேதியும் ஓய்வூதியம் பத்தாம் தேதியும்தான் வழங்கப்பட்டன. அதற்கு முன்பே முதலமைச்சரும் அமைச்சர்களும் தங்கள் இரண்டு மாதச் சம்பளத்தைத் தள்ளிவைத்துக்கொண்டார்கள். மாநிலங்களுக்கான நிதிப் பங்கைப் பரிந்துரைக்கும் பதினைந்தாவது நிதிக்குழு அம்மாநிலத்துக்குப் பரிந்துரைத்த வருவாய்ப் பற்றாக்குறை மானியம் 2021–22-இல் 10,249 கோடி ரூபாய். 2025–26-இல் அது 3,257 கோடி. இறங்குமுகமாகத்தான் இருக்கும் என்று முன்கூட்டியே தெரிந்திருந்தும் 2023-இல் பழைய ஓய்வூதியத் திட்டத்தைத் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

மலைப்பகுதியில் சாலை போடவும் ஆள் அனுப்பவும் சமவெளியைவிட அதிகச் செலவு. எல்லோரையும் நிரந்தரமாக்கினால், இருக்கும் வருவாய் சம்பளத்துக்கும் ஓய்வூதியத்துக்குமே போய்விடும். குடிநீர்க் குழாய்க்கு மிஞ்சாது. கோடைக்கால மலர்க் கண்காட்சி நடக்கும் இரண்டு மாதங்களுக்கு ஊரில் குப்பை பன்மடங்காகிறது. அந்த இரண்டு மாதத்துக்காக முப்பதாண்டுப் பணியாளரை எடுக்க முடியுமா? ஒப்பந்த முறையை ஊழல் என்று ஒரேயடியாகத் தள்ளிவிடுவது நடைமுறை அறியாத பேச்சு.

குன்னூர்த் தணிக்கையர்

வணிகர் ஐயா, சீசன் பணிக்கு ஒப்பந்தம் சரியானது. அதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் ஆண்டு முழுவதும் நடக்கும் குடிநீர் விநியோகத்துக்கும் கணினித் தட்டச்சுக்கும் பத்தாண்டுகளாக ஒரே ஆள் ‘தற்காலிகமாக’ இருப்பது எந்தச் சீசன்?

செலவு குறைவு என்பதையும் கூட்டிப் பார்த்துத்தான் நம்ப வேண்டும். முகமைக்குத் தரும் பட்டியலில் கூலி இருக்கும், அதன்மேல் வருங்கால வைப்பு நிதி, தொழிலாளர் காப்பீடு, முகமையின் சேவைக் கட்டணம், பல இனங்களில் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. இருக்கும். அலுவலகம் கொடுக்கும் தொகைக்கும் தொழிலாளி கையில் பெறும் தொகைக்கும் இடையிலுள்ள தூரத்தை எந்த ஆண்டறிக்கையும் ஒரு பத்தியில் காட்டுவதில்லை. சிக்கனம் என்பவர்கள் அந்த ஒரு பத்தியை வெளியிடட்டும், பிறகு பேசலாம்.

சட்ட நிலையையும் சுருக்கமாகச் சொல்கிறேன். கர்நாடக அரசு எதிர் உமாதேவி வழக்கில் 2006 ஏப்ரலில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு, கொல்லைப்புற நியமனங்களை வரன்முறைப்படுத்தக் கூடாது என்று தீர்ப்பளித்தது. ஒப்பளிக்கப்பட்ட இடத்தில், தகுதியோடு, நீதிமன்றத் தடை உத்தரவின் துணையின்றிப் பத்தாண்டு பணியாற்றியவர்களுக்கு மட்டும் ஒரு முறை விலக்கு தரலாம் என்றது. அந்தத் தீர்ப்பின் நோக்கம், காலி இடங்களை முறையாக நிரப்ப வேண்டும் என்பதே. துறைகள் அதைத் தலைகீழாகப் படித்தன. நேரடியாகத் தற்காலிக ஆளை எடுத்தால் நாளைக்கு வழக்குப் போடுவான், ஆகவே முகமை வழியாக எடுப்போம் என்று முடிவு கட்டின. 2016-இல் பஞ்சாப் மாநிலம் எதிர் ஜக்ஜித் சிங் வழக்கில் சம வேலைக்குச் சம ஊதியம் தற்காலிகப் பணியாளருக்கும் பொருந்தும் என்று உச்சநீதிமன்றம் சொன்னது. 2024 டிசம்பரில் ஜக்கோ வழக்கில், மத்திய நீர் ஆணையத்தில் நெடுங்காலம் பணியாற்றிய துப்புரவுப் பணியாளர்களையும் தோட்டப் பணியாளரையும் நிரந்தரமாக்க உத்தரவிட்டு, உமாதேவி தீர்ப்பை ஏழைத் தொழிலாளருக்கு எதிரான ஆயுதமாகப் பயன்படுத்துவதைக் கண்டித்தது. கடைசியில் நீதிமன்றம் அவர்களை நிரந்தரமாக்கும்போது பழைய நிலுவையும் சேர்ந்து அரசின் தலையில்தான் விழும். உத்தராகண்ட் இன்று நிற்கும் இடம் அதுதான். நிதிநிலையை நினைத்துக் கவலைப்படுபவர்கள் அஞ்ச வேண்டியது இதற்குத்தான்.

கூடலூர்க்காரன்

எங்கள் பக்கத்து நிலைமையையும் எழுதுகிறேன். காட்டுக்குள் யானைத் தடம் பார்க்கவும், தீ பிடித்தால் முதலில் ஓடவும், கண்ணி வைப்பவனைப் பிடிக்கவும் முன்னால் நிற்கும் வேட்டைத் தடுப்புக் காவலர்களில் பலர் பணியர், குறும்பர், இருளர், காட்டுநாயக்கர் சமூகத்தினர். அவர்களில் பலர் தொகுப்பூதியத்தில்தான் ஆண்டுக்கணக்காக இருக்கிறார்கள். அந்தப் பணியையும் முகமைக்கு மாற்றப்போகிறார்கள் என்ற பேச்சு எழும்போதெல்லாம் அவர்கள் பதறுவதில் வியப்பில்லை.

இவர்கள் தேர்வெழுதி வரட்டுமே என்று சொல்பவர்கள் ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நீலகிரியில் 7,35,394 பேர். அவர்களில் பழங்குடியினர் 32,813 பேர், அதாவது நூற்றுக்கு நான்குக்கும் மேல். மாநில இட ஒதுக்கீட்டில் பழங்குடியினருக்கு ஒரு விழுக்காடு. இருநூறு இடங்கள் கொண்ட இனச்சுழற்சியில் இரண்டு இடங்கள். மாவட்ட அளவில் ஒரு சிறு அலுவலகம் ஆண்டுக்கு மூன்று நான்கு பேரை எடுத்தால், பழங்குடியினரின் முறை வருவதற்குள் ஒரு தலைமுறை ஓய்வு பெற்றுவிடும். முறையான நியமனம் என்ற பெயரில் இந்தக் கதவையும் சாத்திவிடாதீர்கள் என்பதுதான் என் வேண்டுகோள். காட்டை அறிந்தவனைக் காட்டுப் பணிக்கு எடுப்பதற்குத் தனி விதி எழுதி, அதை வெளிப்படையாக நடத்தினால் போதும்.

வடக்கைப் பற்றிப் பேசுவதால் இதையும் சொல்லிவிடுகிறேன். உத்தராகண்டில் ஈடுசெய் காடு வளர்ப்பு நிதியிலிருந்து ஐஃபோன், மடிக்கணினி, குளிர்சாதனப் பெட்டி என்றெல்லாம் வாங்கியதைத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை எடுத்துக்காட்டியது. 2019 முதல் 2022 வரையிலான காலத்தை ஆராய்ந்த அந்த அறிக்கை 2025 பிப்ரவரியில் பேரவையில் வைக்கப்பட்டது. வேறு பணிகளுக்குத் திருப்பிய தொகை 13.86 கோடி ரூபாய். மரம் நடும் பணத்தில் கைப்பேசி வாங்க முடிகிறது, தீயணைக்கும் ஆளுக்கு மட்டும் நிதி இல்லை என்கிறார்கள்.

வெலிங்டன் ஹவில்தார்

கூடலூர்த் தம்பி சொன்னது நூற்றுக்கு நூறு சரி. படையில் உள்ளூர் மலையேறிகளை வழிகாட்டியாக எடுக்கும்போது எழுத்துத் தேர்வா வைக்கிறோம்?

கோத்தகிரித் தேர்வர்

தணிக்கையர் ஐயாவின் விளக்கத்துக்கு மிகுந்த நன்றி. ஆயினும் தேர்வு முறைகேட்டை அவ்வளவு இலேசாகத் தாண்டிவிட முடியவில்லை. ஏனெனில் அதில் இழப்பது எங்களைப் போன்றவர்கள்தான். நம் மாநிலத்திலேயே 2019 செப்டம்பரில் நடந்த தொகுதி 4 தேர்வில் ராமேசுவரம், கீழக்கரை மையங்களில் மறையும் மையால் விடைத்தாளைக் குறிக்க வைத்து, வழியில் விடைகளை மாற்றியதாகக் கண்டறியப்பட்டு, 99 பேருக்குத் தேர்வாணையம் வாழ்நாள் தடை விதித்தது. அதன்பிறகு விடை தெரியாத வினாவுக்கு ‘இ’ என்ற ஐந்தாவது வட்டத்தை நிரப்புவது, எந்த வட்டத்தை எத்தனை முறை நிரப்பினோம் என்று எண்ணி எழுதுவது என மாற்றங்கள் வந்தன. தேர்வின் கடைசி நேரத்தில் வட்டங்களை எண்ணிக்கொண்டிருப்பது எவ்வளவு எரிச்சலானது என்பது எழுதியவர்களுக்குத் தெரியும். ஆனால் வெறுமையாக விட்ட இடத்தை வழியில் யாரோ நிரப்பும் வாய்ப்பை அந்தச் சிறு ஏற்பாடு பெருமளவு அடைத்துவிட்டது.

இதற்கு மாறாக உத்தராகண்ட் அரசு 2023 பிப்ரவரியில் ஆயுள் தண்டனை, பத்துக் கோடி ரூபாய் வரை அபராதம் என்று கடும் சட்டம் கொண்டுவந்தது. 2025 செப்டம்பர் 21 அன்று நடந்த பட்டதாரி நிலைத் தேர்வில், தேர்வு தொடங்கிய சிறிது நேரத்திலேயே ஹரித்வார் மையம் ஒன்றிலிருந்து வினாத்தாளின் மூன்று பக்கங்கள் படமாக வெளியே போயின. அடுத்த மாதம் தேர்வே ரத்தானது. ஆயுள் தண்டனை என்று எழுதியிருந்த சட்டத்தால் கைப்பேசி உள்ளே போவதைத் தடுக்க முடியவில்லை. தண்டனையைப் பெரிதாக்குவது அரசுக்கு எளிது, நடைமுறையைச் சரிசெய்வதுதான் கடினம் என்பது என் எண்ணம். தேர்வு முறைகேடுகளுக்கு எதிராக 2024 ஜூனில் நடைமுறைக்கு வந்த மத்தியச் சட்டத்தைப் பற்றியும் எனக்கு இதே ஐயம் உண்டு.

இன்னொன்று. கிராம உதவியாளர், அங்கன்வாடிப் பணியாளர், நியாயவிலைக் கடை விற்பனையாளர் ஆகிய பணிகளுக்கு மாவட்டத்துக்குள்ளேயே நேர்முகத் தேர்வு வைத்துத்தான் ஆள் எடுக்கிறார்கள். அறிவிப்பு வந்த மறுநாளே ‘இவ்வளவு இருந்தால் நடக்கும்’ என்று டீக்கடையில் விலை சொல்லும் ஆட்கள் முளைத்துவிடுகிறார்கள். அவர்களுக்கு உண்மையிலேயே செல்வாக்கு உண்டா, அல்லது தகுதியால் கிடைத்தவனிடமும் ‘என்னால்தான் கிடைத்தது’ என்று வசூலிக்கிறார்களா என்பதே தெரியவில்லை. ஹரியானாவில் நடந்தது நேர்முக மதிப்பெண்ணில் என்று ஐயா சொன்னதைப் படித்ததும் இதுதான் நினைவுக்கு வந்தது. மத்திய அரசு 2016 ஜனவரி முதல் கீழ்நிலைப் பணிகளுக்கு நேர்முகத் தேர்வையே கைவிட்டதே, இவற்றுக்கும் ஏன் அவ்வாறு செய்யக் கூடாது?

குன்னூர்த் தணிக்கையர்

கைவிடலாம். கைவிடாவிட்டாலும் நேர்முகம் முடிந்த அன்று மாலையே ஒவ்வொருவரின் கல்வி மதிப்பெண்ணையும் நேர்முக மதிப்பெண்ணையும் அலுவலக அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டால் பாதி வியாபாரம் படுத்துவிடும். தரகன் விற்பது, முடிவு தெரியாமல் காத்திருக்கும் அந்த இடைக்காலத்தைத்தான்.

வடக்கிலிருந்து முறைகேட்டை மட்டும் எடுத்துப் பேசுகிறோம். மருந்தும் அங்கிருந்தே வந்தது என்பதைச் சொல்லாவிட்டால் நியாயமாகாது. ராஜஸ்தானில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற அமைப்பினர் 1994 டிசம்பரில் கோட் கிரானா என்ற ஊரில் முதல் மக்கள் விசாரணையை நடத்தினார்கள். அவர்கள் கேட்டது பெரிய தத்துவம் எதுவுமில்லை. பணிக்கு வந்தோர் பட்டியலையும் பற்றுச்சீட்டையும் ஊர் நடுவில் உரக்கப் படியுங்கள் என்றார்கள். படித்தபோது, வேலைக்கே வராதவர் பெயரில் கூலி எழுதியிருந்தது ஊர் முன்னால் வெளியானது. 1996-இல் பியாவரில் நாற்பது நாள் தர்ணா இருந்து ஆவண நகல் பெறும் உரிமையைக் கேட்டார்கள். தமிழ்நாடு 1997-இலேயே தனக்கென ஒரு தகவல் உரிமைச் சட்டம் இயற்றியது. ஆனால் அதில் விலக்குகளே மிகுதி. 2005-இன் தேசியச் சட்டமும், வேலை உறுதிச் சட்டத்தில் 17-ஆம் பிரிவாக வந்த சமூகத் தணிக்கையும் அந்த ராஜஸ்தான் கிராமங்களின் வாரிசுகள். நான் பதிவேட்டில் ஒரே சாய்வுக் கையெழுத்தைக் கண்டு தணிக்கைத் தடை எழுதியதற்குப் பதிலாக, அதே பதிவேடு அந்த வார்டு மக்கள் முன்னால் படிக்கப்பட்டிருந்தால் ‘வரும் காலங்களில் கவனிக்கப்படும்’ என்று யாரும் தப்பியிருக்க முடியாது.

உதகை வணிகர்

இதை நானும் ஏற்கிறேன். ஆனால் இப்போது தகவல் கேட்டால் ‘தனிநபர் விவரம், தர இயலாது’ என்கிறார்களாமே? நம் மாவட்ட ஊராட்சிகளோ 2025 ஜனவரி 5-இல் பதவிக்காலம் முடிந்ததும் தனி அலுவலர்களின் பொறுப்புக்குப் போய்விட்டன. கேட்பதற்கு உறுப்பினரும் இல்லாமல், விண்ணப்பத்துக்கும் பதில் இல்லாமல் என்ன செய்வது?

குன்னூர்த் தணிக்கையர்

2023-இன் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவைத் திருத்தித் தனிநபர் தகவல் முழுவதற்கும் விலக்கு கொடுத்திருப்பது உண்மை. பொதுநலன் மேலோங்கினால் தகவலைத் தரலாம் என்ற 8(2) பிரிவு இன்னும் இருக்கிறது. ஆனால் அதை வைத்து வாதாட மேல்முறையீடுவரை போக வேண்டியிருக்கும். ஆகவே பெயரைக் கேட்காமல் எண்ணைக் கேளுங்கள். ஒப்பளிக்கப்பட்ட இடங்கள் எத்தனை, நிரப்பியவை எத்தனை, எந்தத் தேதியிலிருந்து காலி. முகமை வழியாக எத்தனை பேர், எந்தக் கணக்குத் தலைப்பில், மாதம் எவ்வளவு. அந்த மாத வருங்கால வைப்பு நிதிச் சலானில் எத்தனை உறுப்பினர்கள். இவற்றில் தனிநபர் விவரம் ஒன்றுமில்லை. அதே சட்டத்தின் 4(1)(பி) பிரிவு, ஊழியர்களின் மாத ஊதியத்தையும் ஒவ்வொரு முகமைக்கும் ஒதுக்கிய நிதியையும் யாரும் கேட்காமலே வெளியிடச் சொல்கிறது என்பதையும் விண்ணப்பத்தில் குறிப்பிடுங்கள். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை போதும்.

தனி அலுவலர் இருந்தாலும் கிராம சபை உண்டு. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு. ஊராட்சியின் வரவு செலவை இ-கிராம் ஸ்வராஜ் தளத்தில் முன்கூட்டியே பார்த்துக்கொண்டு போங்கள். வெறுங்கையோடு போனால் செயலர் வாசிக்கும் தொகைகள் காற்றில் போய்விடும். நகராட்சிப் பகுதியில் இருப்பவர்களுக்கு 2022 நவம்பர் முதல், கிராம சபையைப் போலவே பகுதி மக்கள் கூடும் பகுதி சபை இருக்கிறது. அது ஒழுங்காகக் கூடுகிறதா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

உதகை வணிகர்

கூடுவதாகத் தாளில் இருக்கிறது. விண்ணப்பத்தில் ஒன்றைச் சேர்க்கச் சொல்லுங்கள்: முகமையின் சேவைக் கட்டண விழுக்காடும், ஜி.எஸ்.டி.யாகக் கொடுத்த தொகையும் தனியே வேண்டும். ஒப்பந்தம் சிக்கனம்தான் என்று நான் சொன்னதற்கு ஆதாரமோ மறுப்போ அதில்தான் இருக்கிறது.

கூடலூர்க்காரன்

கிராம சபையில் கேட்டால் ‘பார்க்கலாம்’ என்று வாய்ப்பதில் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள் ஐயா. தீர்மானமாக எழுத வைப்பது எப்படி?

குன்னூர்த் தணிக்கையர்

தீர்மானத்தை வீட்டிலேயே எழுதி இரண்டு படிகளாக எடுத்துப் போங்கள். ‘இவ்வூராட்சியில் முகமை வழிப் பணியாளர்களின் எண்ணிக்கை, மாதச் செலவு, செலவினத் தலைப்பு, வைப்பு நிதிச் சலான் விவரம் ஆகியவற்றை அடுத்த கிராம சபையில் வாசிக்க இச்சபை கோருகிறது’ என்ற அளவில் ஒரே வாக்கியம் போதும். மன்றப் பொருளாக, அதாவது கூட்டம் விவாதிக்க வேண்டிய பொருளாக, எடுத்துக்கொள்ளச் சொல்லி, தீர்மானப் புத்தகத்தில் எண் போட்டு எழுதிய பிறகே வருகைப் பதிவில் கையொப்பமிடுங்கள். முதலில் கையொப்பத்தை வாங்கிக்கொண்டு பிறகு தீர்மானங்களை எழுதிக்கொள்ளும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. எழுதிய பக்கத்தைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்வதை யாரும் தடுக்க முடியாது.

கோத்தகிரித் தேர்வர்

வணிகர் ஐயாவின் இரண்டு வினாக்களையும் சேர்த்து விண்ணப்பத்தை எழுதிவிட்டேன். எங்கள் ஊராட்சி ஒன்றியத்துக்கும் அருகிலுள்ள நகராட்சிக்கும் தனித்தனியாகப் பதிவஞ்சலில் அனுப்புகிறேன். வேறு வட்டங்களில் இருப்பவர்கள் இதே வினாக்களை வார்த்தை மாற்றாமல் அனுப்பினால், பதில்களைப் பக்கத்தில் பக்கம் வைத்து ஒப்பிட முடியும். குந்தாவுக்கும் பந்தலூருக்கும் இன்னும் யாரும் முன்வரவில்லை.